இவ்வளவுதானா? விலை கூடிய ஹெட்போனும் முதல் நாள் ஏமாற்றமும்

துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் சித்தப்பா மகன், வந்த அன்று மாலையே கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் இருக்கும் தன் வீட்டுக்கு என்னை வரச் சொன்னான். நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு ஹெட்போன் வாங்கி வந்திருந்தான். மூன்று வருட ஆசை அது. 'நூறு தடவை கேட்ட பாட்டிலும் புதிதாகக் கருவிகள் கேட்கும், பாடுகிறவர் பக்கத்தில் வந்து உட்காருவார்' என்றெல்லாம் வீடியோக்களில் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆசை. போனில் சொருகி, தனக்கு மிகவும் பிடித்த பாட்டைப் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். இரண்டு நிமிடத்தில் கழற்றி மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இதுக்காக்கும் இவ்வளவு ரூவா?"

பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். தன் காதில்தான் ஏதோ கோளாறோ, தனக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லையோ என்ற சந்தேகம் அவனை அதிகம் வாட்டியது. விலையுயர்ந்த ஹெட்போனை முதல்முறை மாட்டுகிறவர்கள் பலருக்கும் இதே அனுபவம்தான். நான் பல வருடம் கோயில் கொடை விழாக்களுக்கு மைக் செட் போட்டவன். ஒலியோடு பழகியதில் தெரிந்துகொண்டதை வைத்து அவனுக்கு நான்கைந்து நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். காதில் கோளாறு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குடம், குரல், ஜால்ரா

ஹெட்போனுக்குள் இருப்பது ஒரு சின்ன ஸ்பீக்கர். ஒரு காந்தம், அதன் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. பாட்டு மின்சாரமாகச் சுருளில் பாயும்போது சவ்வு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. இதை டிரைவர் என்பார்கள். இருநூறு ரூபாய் இயர்போனிலும் இதுதான் இருக்கிறது, அவன் வாங்கியதிலும் இதுதான் இருக்கிறது. சவ்வு எதனால் ஆனது, எவ்வளவு சீராக அசைகிறது, சுற்றியிருக்கும் கூடு எப்படி அமைந்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

மனிதக் காதுக்கு எட்டும் ஒலி, நொடிக்கு 20 அதிர்வுகளில் தொடங்கி 20,000 வரை போகும். வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. குடத்தின் வாயில் தட்டும்போது வயிற்றில் வந்து விழுகிறதே ஒரு 'தொம்', அது கீழ்ப்பகுதி, பேஸ். புலவரின் குரலும் உடுக்கையும் நடுப்பகுதி. ஜால்ராவும் வில்லில் கட்டிய மணிகளும் மேல்பகுதி, ட்ரெபிள். எந்த ஹெட்போனும் இந்த மூன்றையும் ஒரே அளவில் தருவதில்லை. ஒன்று குடத்தைத் தூக்கிக் கொடுக்கும், இன்னொன்று ஜால்ராவைத் தூக்கிக் கொடுக்கும். ஒரு ஹெட்போனின் குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஏற்ற இறக்கம்தான்.

விலை குறைந்த ஹெட்போன்கள் பலவற்றில் குடத்தையும் ஜால்ராவையும் தூக்கி, நடுவில் இருக்கும் குரலைக் கொஞ்சம் பின்னே தள்ளி வைத்திருப்பார்கள். கடையில் அரை நிமிடம் மாட்டிப் பார்க்கிறவருக்கு 'ஆஹா' என்று இருக்கும். கறியில் காரமும் உப்பும் தூக்கலாக இருந்தால் முதல் வாய்க்கு ருசிக்கிற மாதிரி. அதிலேயே ஐந்து வருடம் பழகிய காதுக்கு அந்தத் தூக்கல்தான் இயல்பு. அப்புறம் தூக்கல் இல்லாத ஒன்றை மாட்டினால் 'பேஸே இல்லையே, மங்கலா இருக்கே' என்றுதான் தோன்றும். என் தம்பிக்கும் இதுதான் நடந்தது. புதிதாக ஏதோ சேர்ந்து வரும் என்று அவன் எதிர்பார்த்தான். அந்த ஹெட்போனோ, பழையது சேர்த்துக் கொடுத்ததையெல்லாம் எடுத்துவிட்டது. எடுத்ததை மூளை குறையாகக் கணக்கிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பேஸ் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று விரும்புவது ரசனைக் குறைவு கிடையாது. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஓலிவும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள், எந்த ஹெட்போன் என்று தெரியாதபடி ஆட்களுக்குக் கேட்கக் கொடுத்து, எது பிடித்திருக்கிறது என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். அதில் பெரும்பாலானவர்கள் விரும்பியது பேஸ் ஓரளவு உயர்த்தப்பட்ட ஒலியைத்தான். இன்று 'ஹார்மன் வளைவு' என்று ஹெட்போன் ஆர்வலர்கள் பேசுவது அந்த ஆய்விலிருந்து வந்தது. ஆகவே உங்கள் புது ஹெட்போனில் அடிப்பேஸ் உண்மையிலேயே குறைவாக இருந்தால், போனில் பேஸ், ட்ரெபிளையெல்லாம் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்குவலைசரைத் திறந்து தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம். 'பெரிய ஹெட்போனில் ஈக்குவலைசரைத் தொடக் கூடாது' என்று சிலர் சொல்வார்கள். நான் ஏற்க மாட்டேன். எந்தக் கோயில் திடலில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரைத் தொடாமல் ஒலி சரியாக வந்திருக்கிறது?

சத்தம் குறைந்தால் எல்லாமே குறையும்

அன்று மாலை நடந்த இரண்டாவது விஷயம்தான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. அந்த ஹெட்போன் 300 ஓம். அதைப் போனில் ஒரு சின்ன அடாப்டர் வழியாக மாட்டியிருந்தான்.

ஓம் என்பது மின்சாரத்துக்கு அந்தச் சுருள் காட்டும் தடை. சாதாரண இயர்போன்கள் 16 அல்லது 32 ஓம் இருக்கும். போன் 1 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 32 ஓம் இயர்போனுக்கு அதிலிருந்து சுமார் 31 மில்லிவாட் மின்திறன் கிடைக்கும். 300 ஓம் ஹெட்போனுக்குக் கிடைப்பது 3.3 மில்லிவாட்தான். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. இரண்டும் ஒரு மில்லிவாட்டுக்கு ஒரே அளவு சத்தம் தருபவை என்றால், இந்த வித்தியாசம், சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் சுமார் 10. நம் காது 10 டெசிபல் குறைவதை ஏறத்தாழ 'பாதிச் சத்தம்' என்று உணர்கிறது.

அதோடு நிற்கவில்லை. 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் ஒரு விஷயத்தை அளந்து காட்டினார்கள். சத்தம் குறையும்போது காதுக்கு எல்லாப் பகுதியும் ஒரே அளவில் குறைவதில்லை. பேஸ்தான் முதலில், அதிகமாக மறைகிறது. மேல்பகுதியும் ஓரளவு மங்கும். அதனால் மெதுவாகக் கேட்கும் ஒலி, சின்னதாக மட்டும் தெரியாது, சப்பென்றும் தெரியும். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது ஒன்றின் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், அதைத்தான் எல்லோரும் 'நல்லா இருக்கு' என்பார்கள். மைக் செட் தொழிலில் இருப்பவர்கள் அனைவருக்கும் இது தெரியும். பழைய இயர்போனில் சத்தமாகவும் புதியதில் மெதுவாகவும் கேட்டு ஒப்பிட்டால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் புதியது தோற்கும்.

அடுத்த முறை போனபோது என் சின்ன மிக்ஸரை எடுத்துப் போனேன். அதன் ஹெட்போன் துளையில் கிடைக்கும் மின்னழுத்தம் அந்த அடாப்டரைவிட அதிகம். மாட்டியதும் அவன் முகம் பாதி தெளிந்தது. இதற்காகத் தனியாக ஹெட்போன் ஆம்பிளிபயர்கள் விற்கிறார்கள். அதற்கும் ஹெட்போன் விலையையே கொடுக்க வேண்டும் என்பதில்லை. தேவையான சத்தம் இரைச்சல் இல்லாமல் வந்தால் ஆம்ப் தன் வேலையை முடித்துவிட்டது. ஓம் அளவை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் தருகிறது என்ற எண்ணும் பெரும்பாலும் பெட்டியிலோ விவரப் பட்டியலிலோ இருக்கும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாங்கும் முன்பே கவனிக்க வேண்டியது இது.

சத்தம் கிடைத்துவிட்டது என்பதற்காக முழுதாகத் திருப்பி வைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். போன செவி திரும்பி வராது.

கடல் இரைச்சலும் மின்விசிறியும்

மணவாளக்குறிச்சியில் அவன் வீட்டு மாடியில் நின்றால் அலைச் சத்தம் எப்போதும் கேட்கும். அறைக்குள் மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் வாங்கிய ஹெட்போனோ ஓப்பன் பேக் வகை. அதாவது காதுக்கூட்டின் பின்பக்கம் மூடியிருக்காது, சல்லடை மாதிரி திறந்திருக்கும். 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் கொண்டுவந்த எச்டி 414 தொடங்கி இந்த வகைக்கென்று ஒரு கூட்டம் உண்டு. சவ்வின் பின்புறத்து ஒலி கூட்டுக்குள் முட்டி மோதித் திரும்பாமல் வெளியேறிவிடுவதால், பாட்டு தலைக்குள் அடைபடாமல் கொஞ்சம் வெளியே விரிந்து கேட்கும். ஆனால் வெளியே போக வழி இருந்தால் உள்ளே வரவும் வழி இருக்கும். அலையும் விசிறியும் அப்படியே காதுக்குள் வந்துவிட்டன.

குறுந்தகட்டின் 16 பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடம் இருக்கிறது. வேகமாகச் சுற்றும் விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால், அந்த இடத்தின் கீழ்ப்பகுதி முழுக்க விசிறிச் சத்தத்தில் மூழ்கிவிடும். பாடுகிறவர் மூச்சு இழுப்பது, தம்பூரா ஓய்ந்து அடங்குவது, அறையின் எதிரொலி எல்லாம் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன. கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே இவற்றுக்காகத்தான் என்னும்போது, விசிறியை நிறுத்தாமல் கேட்டால் என்ன கிடைக்கும்? நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. தகரக் கூரையில் மழை விழும் வீட்டில் ஓப்பன் பேக் வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் போய் வரும்போது கேட்பதற்கும் அது ஆகாது. அதற்கு மூடிய வகையோ, இரைச்சல் நீக்கும் வகையோதான் சரி.

விலை எங்கே போகிறது

குளச்சலில் வள்ளம் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். எஞ்சினின் குதிரைத்திறனை இரண்டு மடங்காக்கினால் வள்ளத்தின் வேகம் இரண்டு மடங்காகுமா? ஆகாது. வேகம் கூடக் கூடத் தண்ணீர் தரும் தடையும் கூடுகிறது. கடைசியில் கொஞ்சம் வேகத்துக்காக நிறைய எண்ணெய் எரிக்க வேண்டியிருக்கும். ஹெட்போன் விலையும் இப்படித்தான். இருநூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரத்துக்குப் போகும்போது கிடைக்கும் முன்னேற்றம் யாருக்கும் தெரியும். இரண்டாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குப் போனால் கவனித்துக் கேட்பவருக்குத் தெரியும். அங்கிருந்து நாற்பதாயிரத்துக்குப் போனால், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு, அமைதியான அறையில் தெரியும். இது என் கணக்கு, உங்கள் எண்கள் கொஞ்சம் மாறலாம். வளைவின் வடிவம் மாறாது.

விலைக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2017-இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு, 283 ஹெட்போன்களையும் இயர்போன்களையும் எடுத்துக்கொண்டு, குடம்–குரல்–ஜால்ரா என்று நான் சொன்ன அந்த ஏற்ற இறக்கத்துக்கும் விலைக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்தது. தொடர்பு எதுவும் இல்லை என்பதே முடிவு. விலை கூடினால் அந்தச் சமநிலை தானாகச் சிறப்பாகிவிடும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்படியானால் பணம் எதற்குப் போகிறது? இடப்பக்க டிரைவரும் வலப்பக்க டிரைவரும் நுணுக்கமாக ஒத்துப்போவதற்கு. பேஸ் பலமாக அடிக்கும்போது ஒலி சிதையாமல் இருப்பதற்கு. மூன்று மணி நேரம் மாட்டியும் காது நோகாத மெத்தைக்கும், கழற்றி மாற்றக்கூடிய உதிரிபாகங்களுக்கும். கணிசமான பங்கு, குறைந்த எண்ணிக்கையில் செய்வதால் வரும் செலவுக்கும் பெயருக்கும் போகிறது. இவை வேண்டும் என்றால் வாங்கலாம். ஆனால் முதல் நிமிடத்தில் உடம்பு சிலிர்க்க வைப்பது எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

பதிவு எப்படிப்பட்டது என்பதையும் மறந்துவிடுகிறோம். அவனுக்குப் பிடித்த அந்தப் பாட்டு பழைய மோனோ பதிவு. இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போவதால் எல்லாம் தலையின் நடுவில்தான் நிற்கும். பாடகர் இங்கே, வயலின் அங்கே என்று பிரித்துக் காட்ட அதில் எதுவுமில்லை. அதோடு அது யாரோ கேசட்டிலிருந்து எடுத்து இணையத்தில் ஏற்றிய கோப்பு. கேசட் இரைச்சலைத்தான் புது ஹெட்போன் இன்னும் தெளிவாகக் கேட்கவைத்தது.

காதும் ஆளுக்கு ஆள் மாறும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டினால், ஒவ்வொரு சிறுதூணும் ஒவ்வொரு ஸ்வரத்தில் ஒலிக்கும். ஒவ்வொன்றும் தன் அமைப்புக்கு ஏற்ற அதிர்வில் பேசுகிறது. நம் காதுக்குழாயும் அப்படி ஒரு குழாய்தான். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் இயல்பான ஒலிப்பு 3,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 3,000 அதிர்வு, பக்கத்தில் வருகிறது, நீளமும் வடிவமும் மாறினால் அதுவும் நகரும். அதனால் ஒருவருக்குத் தேனாக ஒலிக்கும் ஹெட்போன் இன்னொருவருக்குக் கூசலாம். மூடிய வகையில் மூக்குக்கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிக்கொண்டிருந்தாலே பேஸ் ஒழுகிப் போய்விடும். வயது ஏறும்போது மேல்பகுதி கேட்பது குறையும். இதற்கெல்லாம் விமர்சன வீடியோ பதில் சொல்லாது. முடிந்தால் வாங்கும் முன் மாட்டிப் பாருங்கள், முடியாவிட்டால் திருப்பிக் கொடுக்க வழியுள்ள இடத்தில் வாங்குங்கள்.

நாங்கள் செய்தது

ஒரு பொருளை எடைபோட, மூலம் எப்படி இருந்தது என்று தெரிந்த ஒலி வேண்டும் என்பது என் நம்பிக்கை. சினிமாப் பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் எப்படி ஒலித்தது என்று நமக்குத் தெரியாது. ஆனால் எங்கள் குடும்பக் கோயில் கொடையில் நடந்த வில்லுப்பாட்டை நான் இரண்டு மைக் வைத்து ஸ்டீரியோவில் பதிவு செய்து வைத்திருந்தேன். நான் அங்கேயே இருந்தேன், குடம் எந்தப் பக்கம், ஜால்ரா எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோப்பை அவனிடம் கொடுத்தேன். மிக்ஸரையும் விட்டுவிட்டு வந்தேன்.

பத்து நாள் இதில் மட்டும் கேள், பழைய இயர்போனைத் தொடாதே, இரவு பத்தரைக்கு மேல் விசிறியை நிறுத்திவிட்டுக் கேள் என்றேன். புது ஹெட்போன் ஓட ஓடப் பழகி நன்றாகும் என்பார்கள். பழகுவது பெரும்பாலும் நம் காதும் மூளையும்தான், அதற்கு நாள் தேவை. பத்து நாள் கழித்து பழையதை மாட்டி, சத்தத்தைக் கூடியமட்டும் ஒரே அளவில் வைத்து, அதே பதிவைக் கேட்கச் சொன்னேன். புதியதில் என்ன கூடியிருக்கிறது என்று தேடுவதைவிட, பழையதற்குத் திரும்பும்போது எது குறைகிறது என்று பார்ப்பது எளிது.

பதினோராவது நாள் இரவு போன் வந்தது.

"அண்ணே, பழசுல கொரலு ஏதோ போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. ஆனா நாப்பதாயிரம் ரூவா வித்தியாசம் எல்லாம் இல்ல கேட்டியளா."

"இல்லதான். உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு. இன்னொண்ணு. ரெண்டாவது பாட்டு தொடங்கதுக்கு முன்னால யாரோ மெதுவா தண்ணி கேக்காங்க. இதுக்கு முன்னால நான் கவனிச்சதே இல்ல. இப்ப பழசுல போட்டுப் பாத்தேன், அதுலயும் இருக்கு. இருக்குன்னு தெரிஞ்ச பிறகு அதுலயும் கேக்குது."

கேட்டது உடுக்கை அடித்தவர். செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.